‘ஒரு முறை’: புர்கினா பாசோவின் 37ஆம் பிரிவு

1991இல் ஏற்கப்பட்ட புர்கினா பாசோ அரசியலமைப்பின் 37ஆம் பிரிவு நீளமானதன்று. குடியரசுத் தலைவர் ஏழாண்டுக் காலத்துக்கு மக்களால் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்படுவார்; மீண்டும் ஒரு முறை தேர்ந்தெடுக்கப்படலாம். 1997இல் அரசியலமைப்பு திருத்தப்பட்டபோது இப்பிரிவில் புதிதாக எதுவும் சேர்க்கப்படவில்லை. ‘ஒரு முறை’ என்பது மட்டும் எடுக்கப்பட்டது. பிரெஞ்சு மூலத்தில் அது இரண்டு சொல், தமிழிலும் இரண்டே. எஞ்சி நின்ற ‘மீண்டும் தேர்ந்தெடுக்கப்படலாம்’ என்னும் தொடர் இலக்கணப்படி முழுமையானது. முதல்முறை படிக்கிறவர் கண்ணுக்கு அதில் எந்தக் குறையும் தெரியாது. வாக்கிய அமைப்பை ஆராய்வோர் இத்தகைய அடையை விட்டுவிடத்தக்க உறுப்பு என்பர். இந்த வாக்கியத்தின் அரசியல் பொருளோ முழுவதும் அந்த விட்டுவிடத்தக்க உறுப்பில்தான் இருந்தது.

ஆட்சியில் இருப்போர் தம் அதிகாரத்தை நிலைப்படுத்திக்கொள்ள அரசியலமைப்பைத் திருத்துவது குறித்த கருத்தரங்குகளில் பெரிய சொற்களுக்குப் பஞ்சமில்லை: இறையாண்மை, அதிகாரப் பிரிவினை, அடிப்படைக் கட்டமைப்பு. திருத்தங்கள் நடப்பதோ சிறிய சொற்களில். ஓர் எண்ணுப்பெயர், ஒரு வினையடை, ஒரு ‘அல்லது’. புர்கினா பாசோவில் பதினேழு ஆண்டுகள் அப்படியொரு சிறு சொல்லைச் சுற்றியே போராட்டம் நடந்தது. அச்சொல்லைச் சரியாகப் படித்தவர்கள் அரசியலமைப்பு மன்றத்தின் நீதிபதிகள் அல்லர் என்பதுதான் அவ்வரலாற்றில் ஊன்றிக் கவனிக்க வேண்டியது.

திருத்தத்தால் பயன்பெற இருந்தவர் பிளேஸ் கொம்பவோரே. 1987 அக்டோபர் 15 அன்று தோமா சங்கரா கொல்லப்பட்ட ஆட்சிக்கவிழ்ப்பில் அதிகாரத்துக்கு வந்தவர். 1991இலும் 1998இலும் தேர்தல் வழியாகவும் தலைவரானார். 1998ஆம் ஆண்டுத் தேர்தல் முடிந்து ஒரு மாதம் கழித்து, டிசம்பர் 13 அன்று, இதழாளர் நோர்பேர் சோங்கோ வேறு மூவருடன் எரிந்த காரில் பிணமாகக் கிடந்தார். தலைவருடைய தம்பியின் கார் ஓட்டுநர் எப்படி இறந்தார் என்பதை அவர் தம் இதழில் விடாமல் விசாரித்து எழுதிக்கொண்டிருந்தார். அக்கொலைக்கு நீதி கேட்டு மாணவர்களும் தொழிற்சங்கத்தினரும் மாதக்கணக்கில் வீதியில் நின்றனர். அந்த அழுத்தம் தாங்காமல் அரசு விட்டுக்கொடுத்தவற்றுள் ஒன்றாக 2000இல் ‘ஒரு முறை’ மீண்டும் பிரிவுக்குள் வந்தது. பதவிக்காலமும் ஏழிலிருந்து ஐந்தாண்டாகக் குறைந்தது. அழிக்கப்பட்ட இரு சொற்கள் திரும்பி வந்ததற்குப் பின்னால் எரிந்த ஒரு கார் இருந்தது என்பதைச் சட்ட நூல்கள் எழுதுவதில்லை.

2005இல் அடுத்த தேர்தல் நெருங்கியது. கொம்பவோரே ஏற்கெனவே இரு முறை தலைவராக இருந்துவிட்டார். இரண்டுக்கு மேல் கூடாது என்று பிரிவு சொல்கிறது. அவர் போட்டியிடலாமா என்ற கேள்வி அரசியலமைப்பு மன்றத்தின் முன் வந்தது. சட்டம் பின்னோக்கிப் பாயாது. 2000ஆம் ஆண்டுத் திருத்தத்துக்கு முந்திய காலம் கணக்கில் சேராது என்று மன்றம் முடிவு செய்தது. வரம்பு வாக்கியத்தில் அப்படியே இருந்தது. எண்ணத் தொடங்கும் இடம்தான் மாறிற்று. 2005இலும் 2010இலும் அவர் மீண்டும் வென்றார்.

இந்த எண்ணும் கலைக்கு ஆப்பிரிக்காவில் உறவுமுறை பெரிது. செனகலில் அப்துலாயே வாத் 2012இல் மூன்றாம் முறை நின்றதும், கினியில் அல்ஃபா கோந்தேயும் கோத் திவாரில் அலசான் வத்தராவும் 2020இல் நின்றதும் இவ்வகை வாதத்தைக் கொண்டே. புருண்டியில் பியேர் நுகுருன்சிசா 2015இல் இன்னும் நுணுக்கமான வழியைக் கண்டார்: முதல் முறை தம்மைத் தேர்ந்தெடுத்தது நாடாளுமன்றம், மக்கள் அல்லர், எனவே அது கணக்கில்லை. இவர்களுள் வாத் ஒருவரைத்தான் வாக்காளர்கள் தோற்கடித்தனர். பள்ளிக் கணக்கில் இரண்டுக்கு அடுத்து மூன்று வரும். அரசியலமைப்புக் கணக்கில் இரண்டுக்கு அடுத்து ஒன்று வரலாம்.

கொம்பவோரேயின் கணக்கு 2015இல் மறுபடியும் தீரவேண்டியிருந்தது. 2013இல் மேலவை ஒன்றை உருவாக்கும் முயற்சி நடந்தபோதே எதிர்க்கட்சிகள் அதை 37ஐ மாற்றுவதற்கான சுற்றுவழியாகக் கண்டு தெருவுக்கு வந்தன. 2014 தொடக்கத்தில் ஆளுங்கட்சியின் மூத்த தலைவர்கள் சிலர் வெளியேறிப் புதுக்கட்சி கண்டனர். ராப் பாடகர் ஸ்மோக்கியும் ரெக்கே பாடகர் சாம்ஸ்கா லெ ஜாவும் 2013இல் தொடங்கிய ‘குடிமக்களின் துடைப்பம்’ என்னும் இயக்கம் இளைஞர்களைத் திரட்டியது. வீட்டையும் வாசலையும் பெருக்கும் சாதாரணத் துடைப்பமே அவர்களுடைய சின்னம்.

இங்கே மொழியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நாட்டின் பெயரே மூன்று மொழிகளின் கூட்டு. ‘புர்கினா’ மோரே மொழிச்சொல், நேர்மையுடையோர் என்று பொருள். ‘பாசோ’ ஜூலா மொழிச்சொல், தந்தையர் நாடு. அந்நாட்டு மக்களைக் குறிக்கும் ‘புர்கினாபே’ என்பதன் ஈறு ஃபுல்ஃபுல்டே மொழியிலிருந்து எடுக்கப்பட்டது. 1984இல் சங்கரா இப்பெயரைச் சூட்டினார். ஆயினும் 2014இல் ஆட்சிமொழி பிரெஞ்சு ஒன்றுதான். அரசியலமைப்பும் பிரெஞ்சில். மக்களில் பெரும்பாலோருக்கு அது வீட்டுமொழியன்று. அதைப் படிக்கத் தெரிந்தவர்களே குறைவு. இந்நிலையில் ‘முப்பத்தேழு’ என்னும் எண் பிரிவின் உரையிலிருந்து கழன்று தனியே ஒரு பெயர்ச்சொல் ஆயிற்று. முழு வாசகத்தை ஒப்பிக்க இயலாத ஒருவராலும் 37இல் கைவைக்காதே என்று சொல்ல முடிந்தது. சட்டமொழி மக்களுக்கு எட்டாது, ஆகவே அரசியலமைப்பு விவாதம் படித்தவர்களின் விவாதம் என்று கல்விப்புலத்தில் அடிக்கடி கேட்கும் வாதத்துக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு கிடைப்பது அரிது. உரை எட்டவில்லை, பொருள் எட்டியது. பொருள் எட்டுவதற்கு வேண்டியிருந்தது சட்டக் கல்வியன்று. அந்த ஆளை இருபத்தேழு ஆண்டுகள் பார்த்த நினைவு.

2014 அக்டோபர் 21 அன்று அமைச்சரவை திருத்த முன்வரைவை அறிவித்தது. இம்முறை ‘ஒரு முறை’ நீக்கப்படவில்லை. ‘ஒரு’ என்பது ‘இரு’ ஆக்கப்பட இருந்தது, அவ்வளவுதான். மக்கள் வாக்கெடுப்பு நடத்தப்படும், மக்களே முடிவு செய்யட்டும் என்று அரசு சொன்னது. கேட்பதற்கு நியாயமான வாதம். மக்களே தம் தலைவரை மூன்றாம் முறையும் விரும்பினால் தடுக்க ஒரு பழைய வாக்கியத்துக்கு என்ன உரிமை என்று இன்றும் கேட்கும் ஆய்வாளர்கள் உண்டு. அவ்வாதத்தை அரசே சில நாட்களில் கலைத்துவிட்டது. பேரவையில் முக்கால் பங்கு உறுப்பினர் ஆதரித்தால் வாக்கெடுப்பு இல்லாமலே திருத்தம் நிறைவேறும் என்பது ஏற்பாடு. வேறொரு கட்சி ஆதரவு தருவதாக அறிவித்ததும் அந்த எண்ணிக்கை கைக்கெட்டும் தொலைவுக்கு வந்தது. மக்களே முடிவு செய்யட்டும் என்ற பேச்சு அதன்பின் பொருளிழந்தது. வாக்கெடுப்பு நடந்திருந்தாலும் கேள்வியை எழுதுகிறவரும், எப்போது கேட்பது என்று தீர்மானிக்கிறவரும், விடையால் பயன்பெறுகிறவரும் ஒருவரே. ஆட்டத்தின் நடுவில் ஆடுகிறவரே கோட்டை அழித்துப் போடுவதற்குப் பெரும்பான்மை ஆதரவு இருக்கிறதா என்பது இரண்டாம் கேள்விதான்.

அக்டோபர் 27 அன்று வாகடூகு நகரப் பெண்கள் களி கிண்டும் மரத்துடுப்புகளை உயர்த்திப் பிடித்து ஊர்வலம் போயினர். அந்நாட்டின் அன்றாட உணவு சிறுதானிய மாவில் கிண்டும் ‘தோ’ என்னும் களி. துடுப்பு ஒவ்வோர் அடுப்படியிலும் இருப்பது. ஒரு பெண் அதை ஆணுக்கு எதிராக ஓங்குவது அங்கே கடும் அவமதிப்பாகவும் சாபமாகவும் கொள்ளப்படும். அடுத்த நாள் தலைநகரில் மாபெரும் பேரணி. 30ஆம் நாள் பேரவையில் வாக்களிப்பு. ஆளுந்தரப்பு உறுப்பினர்கள் முதல்நாளே பேரவைக்கு அருகிலிருந்த விடுதியில் தங்கவைக்கப்பட்டனர். காலையிலேயே கூட்டம் காவல் வளையத்தை உடைத்துக்கொண்டு பேரவைக்குள் புகுந்தது, கட்டடம் எரிந்தது, வாக்களிப்பு நடக்கவேயில்லை. முன்வரைவு திரும்பப் பெறப்பட்டது. அன்று மாலை வரை இடைக்கால ஆட்சியைத் தாமே நடத்துவதாகச் சொல்லிக்கொண்டிருந்த கொம்பவோரே, மறுநாள் 31ஆம் தேதி பதவி விலகிக் கோத் திவாருக்குத் தப்பினார். அந்த நாட்களில் பலர் உயிரிழந்தனர். நவம்பர் முதல் நாள், துடைப்ப இயக்கத்தின் அழைப்பை ஏற்று இளைஞர்கள் உண்மையாகவே துடைப்பங்களோடு வந்து எரிந்தும் உடைந்தும் கிடந்த தெருக்களைப் பெருக்கினர்.

உலக ஊடகங்கள் இதைப் புரட்சி என்றன. ஆனால் கேட்கப்பட்டது புதிய ஒன்றன்று. இருக்கும் வாக்கியம் இருந்தபடி இருக்கட்டும் என்பதே. எரிந்த பேரவையின் படங்களுக்கு நடுவே, மக்கள் எழுந்தது ஓர் அடைச்சொல்லைக் காப்பதற்கு என்பது எளிதில் மறைந்துவிடுகிறது.

இந்தியப் பல்கலைக்கழகங்களில் இந்த வரலாறு அதிகம் பேசப்படுவதில்லை. இங்கே கேசவானந்த பாரதி தீர்ப்பு இருக்கிறது, அடிப்படைக் கட்டமைப்பை எந்தப் பெரும்பான்மையும் தொட முடியாது என்ற நிம்மதி அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். அந்த நிம்மதியை 1976 தாங்காது. எதிர்க்கட்சித் தலைவர்கள் பலர் சிறையில் இருந்தபோது நாடாளுமன்றம் 42ஆம் திருத்தத்தை நிறைவேற்றியது. அதில் முகப்புரைச் சொற்களைப் பற்றி இன்றும் சண்டை நடக்கிறது. மக்களவைக் காலத்தைக் குறித்த பிரிவில் ‘ஐந்து’ என்பது ‘ஆறு’ ஆக்கப்பட்டதைப் பற்றி அந்த அளவுக்குப் பேச்சில்லை. இங்கும் ஓர் எண்ணுப்பெயர்தான். அரசியலமைப்புத் திருத்தங்களை எந்த நீதிமன்றமும் கேள்வி கேட்க முடியாது என்று 368ஆம் பிரிவில் உட்பிரிவுகள் சேர்க்கப்பட்டன. அதே ஆண்டு ஏப்ரலில்தான், நெருக்கடி நிலையில் சிறைவைக்கப்பட்டவர் ஆட்கொணர்வு மனுப் போட முடியாது என்று உச்ச நீதிமன்றமே சொல்லியிருந்தது. அந்த உட்பிரிவுகளை மினர்வா மில்ஸ் வழக்கில் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது 1980இல். 1977 மார்ச்சில் வாக்காளர்கள் ஆட்சியை மாற்றி மூன்று ஆண்டுகளுக்குப் பின். ‘ஆறு’ மீண்டும் ‘ஐந்து’ ஆனதும் அவ்வாட்சி மாற்றத்தின் விளைவான 44ஆம் திருத்தத்தால்தான். நீதிமன்றம் அஞ்சாமல் பேசுவதற்கான இடத்தை முதலில் வாக்காளர்கள் உண்டாக்கிக் கொடுத்தனர் என்று இவ்வரிசையைப் படிப்பது மிகையாகாது. புர்கினா பாசோவில் கதவைத் திறந்துவிட்டதே மன்றம் என்பதையும் இதனோடு சேர்த்துப் பார்க்கலாம்.

வெற்றிக்குப் பிந்திய பகுதி கசப்பானது. 2015 செப்டம்பரில் கொம்பவோரேயின் பழைய காவற்படை நடத்திய ஆட்சிக்கவிழ்ப்பையும் மக்கள் ஒரே வாரத்தில் முறியடித்தனர். அவ்வாண்டு நவம்பரில் இடைக்காலப் பேரவை 37ஆம் பிரிவை இறுக்கியது: தொடர்ந்தோ விட்டுவிட்டோ, எக்காரணம் கொண்டும் எவரும் இரு முறைக்கு மேல் தலைவராக இருக்கக்கூடாது. இனி இவ்வரம்பைத் திருத்தவும் முடியாது என்று பூட்டும் போடப்பட்டது. எண்ணத் தொடங்கும் இடத்தை நகர்த்தும் வித்தைக்கு எதிராக, அதனால் ஏமாற்றப்பட்டவர்கள் எழுதிய வாசகம் அது. ஒவ்வொரு அடைச்சொல்லும் ஒரு பழைய காயத்தின் மேல் நிற்கிறது. 2022இல் இராணுவம் இருமுறை ஆட்சியைக் கவிழ்த்தது, ஜனவரியில் ஒருமுறை, செப்டம்பரில் ஒருமுறை. துப்பாக்கியோடு வருபவருக்குப் பிரிவைத் திருத்தவேண்டிய தேவையே இல்லை. 2024 மே மாதம் இப்ராகிம் த்ராவோரேயின் இடைக்கால ஆட்சி மேலும் அறுபது மாதங்களுக்கு நீட்டிக்கப்பட்டது. அதன் முடிவில் வரும் தேர்தலில் அவரே நிற்கவும் வழி செய்யப்பட்டது.

இதே ஆட்சிதான் 2023 இறுதியில் அரசியலமைப்பைத் திருத்தி நாட்டு மொழிகளை ஆட்சிமொழிகளாக்கிப் பிரெஞ்சை அலுவல் பயன்பாட்டு மொழியாகக் கீழிறக்கியது. மொழியியலாளர் பலர் நெடுங்காலம் கேட்டுவந்தது. அதைக் கொண்டாடுவதா என்ற கேள்விக்கு எளிய விடையில்லை. தன் மொழியில் அரசியலமைப்பைப் படிக்கும் உரிமை மோரே பேசுகிறவருக்குக் கிடைத்த காலமும், அதில் எழுதியிருப்பதைக் காட்டி ஆட்சியாளரைக் கேள்வி கேட்கும் உரிமை போன காலமும் ஒன்றாக அமைந்துவிட்டன. துடைப்ப இயக்கத்தினர் சிலர் 2024இல் வலுக்கட்டாயமாகப் பிடித்துச் செல்லப்பட்டுப் படையில் சேர்க்கப்பட்டதை மனித உரிமை அமைப்புகள் பதிவு செய்துள்ளன.