புற்றுநோய் அச்சமும் பறிக்கப்படும் கருப்பையும்: கணக்கில் வராத சாதி

பீகார், சத்தீஸ்கர், ராஜஸ்தான் மாநிலங்களில் ஏழைப் பெண்களின் கருப்பைகள் தேவையின்றி அகற்றப்பட்டன. அரசுக் காப்பீட்டுத் திட்டங்களின் பணம் தனியார் மருத்துவமனைகளை அதற்குத் தூண்டியது. பாதிக்கப்பட்டோரில் பெரும்பான்மையினர் பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட சமூகங்களைச் சேர்ந்தவர்கள். மருத்துவர் நரேந்திர குப்தா 2013இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த பொதுநல வழக்கின் சாரம் இதுவே. பத்தாண்டுகளுக்குப் பின், 2023 ஏப்ரல் 5 அன்று தீர்ப்பு வந்தது. உடல்நலத்திற்கான உரிமை அரசமைப்பின் 21ஆம் பிரிவுக்குள் அடங்கும் என்பதை நீதிமன்றம் உறுதிப்படுத்தியது. ஒன்றிய அரசு 2022இல் வகுத்த வழிகாட்டு நெறிமுறைகளை மாநிலங்கள் மூன்று மாதங்களுக்குள் ஏற்க வேண்டும் என்றும், தவறிழைக்கும் மருத்துவமனைகளைக் கறுப்புப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்றும் ஆணையிட்டது.

இத்தகைய அறுவைகளுக்குப் பெண்களை இணங்கவைத்த வாக்கியம் எங்கும் ஏறத்தாழ ஒன்றுதான்: "எடுக்காவிட்டால் புற்றுநோய் வரும்." இந்த வாக்கியத்தை மருத்துவ அறிவைக் கொண்டே சோதித்துப் பார்க்க வேண்டும்.

கருப்பையின் உட்படலமான எண்டோமெட்ரியத்தில் தோன்றும் புற்றுநோய் பெரும்பாலும் மாதவிடாய் நின்ற பின்னரே வருகிறது. இந்நோய் கண்ட பெண்களில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பேருக்கு மாதவிடாய் நின்றபின் இரத்தப்போக்கு ஏற்பட்டிருக்கும். ஆனால் அவ்வாறு இரத்தப்போக்கு ஏற்படும் பெண்களில் பத்தில் ஒருவருக்கும் குறைவானவர்களிடமே புற்றுநோய் காணப்படுகிறது. ஆகவே அறிகுறியைக் கண்டதும் செய்ய வேண்டியது பரிசோதனை. உட்படலத்திலிருந்து சிறிது திசுவை எடுத்து ஆய்வுக்கு அனுப்பும் பயாப்சியே நோயை உறுதிசெய்யும். முப்பது வயதுப் பெண்ணின் வெள்ளைப்படுதலோ, வயிற்றுவலியோ புற்றுநோய்க்கான சான்று ஆகாது. அவற்றுள் பெரும்பாலானவை மருந்தால் தீரக்கூடியவை. இளவயதில் கருப்பையோடு சூலகங்களையும் நீக்கினால் மாதவிடாய் முன்கூட்டியே நின்றுபோகும். எலும்புத் தேய்வுக்கும் இதய நோய்க்குமான வாய்ப்பு கூடும்.

மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் இந்த அச்சத்தோடு கூலியும் சேர்ந்துகொண்டது. அங்கே கரும்பு வெட்டும் கணவனும் மனைவியும் ஒரே அலகாக ஒப்பந்தம் செய்யப்படுகிறார்கள். ஒருநாள் வேலைக்கு வராவிட்டால் அபராதம். கழிப்பறையோ தண்ணீரோ இல்லாத வயல்வெளியில் மாதவிடாய் நாள் என்பது கூலியிழப்பு நாள். 2019இல் மாநில அரசு அமைத்த குழு 82,309 பெண் தொழிலாளர்களைக் கணக்கெடுத்தது. அவர்களில் 13,861 பேருக்குக் கருப்பை இல்லை. அதாவது ஏறத்தாழ 17 விழுக்காடு. தேசியக் குடும்பநல ஆய்வின்படி 15 முதல் 49 வயது வரையிலான இந்தியப் பெண்களில் இது சுமார் 3 விழுக்காடு. இரு கணக்குகளின் வயது வரம்புகளும் ஒன்றல்ல என்றாலும், இத்துணைப் பெரிய இடைவெளியை வயது மட்டும் விளக்கிவிடாது.

இதன் மறுபக்கத்தை அமெரிக்காவில் காணலாம். அங்கே கருப்பைப் புற்றுநோயால் கறுப்பினப் பெண்கள் இறக்கும் விகிதம் வெள்ளையினப் பெண்களைப்போல ஏறத்தாழ இருமடங்கு. ஸ்கேனில் உட்படலத்தின் தடிமன் குறைவாக இருந்தால் பயாப்சி தேவையில்லை என்பது அங்குள்ள நடைமுறை. கறுப்பினப் பெண்களிடையே ஃபைப்ராய்டு கட்டிகள் மிகுதி. அவை ஸ்கேனில் படலத்தை மறைக்கக்கூடும். 2024இல் வெளியான ஓர் ஆய்வு 1,494 கறுப்பினப் பெண்களின் பதிவுகளை ஆராய்ந்தது. புற்றுநோய் கண்ட 210 பேரில் 11.4 விழுக்காட்டினருக்குப் படலத்தின் தடிமன் 5 மில்லிமீட்டருக்கும் குறைவு. ஸ்கேனை மட்டும் நம்பியிருந்தால் அவர்களின் நோய் தவறவிடப்பட்டிருக்கும்.

ஒரு நாட்டில் தேவையான பரிசோதனை மறுக்கப்படுகிறது; மற்றொரு நாட்டில் பரிசோதனையே இன்றி உறுப்பு பறிக்கப்படுகிறது. இரண்டிலும் ஒடுக்கப்பட்ட பெண்ணின் உடல் தனக்குரிய கவனத்தைப் பெறவில்லை. ஆனால் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. அமெரிக்கப் புற்றுநோய்ப் பதிவேடுகள் இனத்தைக் குறிப்பிடுவதால் அங்கே ஏற்றத்தாழ்வை எண்ணாக்கி முன்வைக்க முடிந்தது. நம் தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டுத் திட்டத்தின் அறிக்கைகள் வயது, பாலினம், வட்டாரம், நோய் தாக்கிய உறுப்பு ஆகியவற்றைத் தருகின்றன, சாதியைத் தருவதில்லை. எண்டோமெட்ரியப் புற்றுநோயால் இறக்கும் தலித் பெண்கள் எத்தனை பேர், எந்தக் கட்டத்தில் அவர்களுக்கு நோய் கண்டறியப்பட்டது என்று கேட்டால் அரசிடம் பதில் இல்லை. எண்ணப்படாத அநீதியை நீதிமன்றத்தில் மெய்ப்பிக்கும் சுமை பாதிக்கப்பட்டவர்மீதே விழுகிறது.

சட்டம் நமக்குச் சில கருவிகளைத் தந்திருக்கிறது. 2008இல் சமீரா கோலி வழக்கில், நோயறியும் சோதனைக்குத் தரப்பட்ட ஒப்புதல் கருப்பையை அகற்றுவதற்கான ஒப்புதல் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தப் பெண் மயக்கத்தில் இருந்தபோது தாயிடம் வாங்கிய ஒப்புதலையும் அது ஏற்கவில்லை. கணவரின் கைரேகையைப் பெற்று அறுவை செய்யும் வழக்கத்துக்கு எதிராக இத்தீர்ப்பை நாம் எடுத்துரைக்கலாம். மருத்துவப் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு நடத்தை விதிகள் கூறுகின்றன. பயாப்சி அறிக்கை எங்கே என்பதே அப்பதிவுகளில் முதலில் தேட வேண்டியது.

களத்தில் இயங்கும் தோழர்களும் மாணவர்களும் உடனே தொடங்கக்கூடிய பணி ஒன்றுண்டு. உங்கள் மாவட்டத்தில் கருப்பை அகற்று அறுவையைக் கண்காணிக்கும் குழு அமைக்கப்பட்டுள்ளதா, அது எத்தனை முறை கூடியது, நாற்பது வயதுக்கு உட்பட்ட எத்தனை பெண்களின் அறுவைகளைத் தணிக்கை செய்தது, அவர்களில் பட்டியல் சாதியினர் எத்தனை பேர் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேளுங்கள். "அத்தகைய தகவல் பராமரிக்கப்படவில்லை" என்று பதில் வருமானால் அதையும் பத்திரப்படுத்துங்கள். தீர்ப்பு நடைமுறைக்கு வரவில்லை என்பதை நீதிமன்றத்தில் நிறுவுவதற்கு அதுவே முதல் ஆவணமாகும்.