இருவர் பெயரிலும் ஒரு வீடு



கல்யாணமான கையோடு ஜெர்மனிக்குக் கிளம்பும் பிள்ளைகளைப் பற்றி அம்மாக்கள் எழுதும் கடிதங்கள் இப்போது அடிக்கடி வருகின்றன. வேலை உறுதியாகிவிட்டது, விசா வந்துவிட்டது, புளிக்காய்ச்சலும் பிரஷர் குக்கரும் பெட்டியில் ஏறிவிட்டன. "வீடு மட்டும் இன்னும் அமையலை" என்ற வரியில் எல்லாக் கடிதமும் வந்து நிற்கிறது. "மாப்பிள்ளை கைநிறையச் சம்பாதிக்கிறார். வாடகை கொடுக்கிறேன் என்கிறவருக்கு வீடு தர என்ன தயக்கம்?" என்று கோவையிலிருந்து ஒரு தாய் கோபமாகவே கேட்டிருக்கிறார்.

நியாயமான கோபம்தான். ஆனால் அந்த ஊர் நிலவரம் வேறு. ஜெர்மனியில் பாதிக்கு மேற்பட்டவர்கள் வாடகை வீட்டில்தான் இருக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் வேறெந்த நாட்டிலும் இந்த விகிதம் இல்லை. சொந்த வீடு இல்லையே என்று அங்கே யாரும் யாரையும் பரிதாபமாகப் பார்ப்பதில்லை. ஒரே வாடகை வீட்டில் பிள்ளைகளை வளர்த்து, அங்கேயே ஓய்வு பெறுகிறவர்களும் உண்டு. காலக்கெடு இல்லாத ஒப்பந்தத்தில் ஒருவரைக் குடிவைத்துவிட்டால், "எனக்கே குடியிருக்க வேண்டும்" என்பது போன்ற சட்டம் ஏற்கும் காரணம் இல்லாமல் வீட்டுக்காரர் அவரைக் கிளப்ப முடியாது. அதனால் உள்ளே விடுவதற்கு முன்பே துருவித் துருவிப் பார்த்துவிடுகிறார். மியூனிக், பெர்லின் போன்ற நகரங்களில் வீடு பார்க்க வரும் கூட்டம் படிக்கட்டு வரை நிற்கும்.

வீட்டுக்காரர் கேட்பது காகிதம். கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, வேலை ஒப்பந்தம், அடையாள நகல், இவற்றோடு 'ஷூஃபா' அறிக்கை. 1927-ல் பெர்லின் மின்சாரக் கம்பெனி தவணையில் மின்சாதனங்கள் விற்றபோது, யார் ஒழுங்காகக் கட்டுவார் என்று பார்க்கப் பிறந்த ஏற்பாடு அது. இன்று வங்கிக் கடனிலிருந்து செல்போன் இணைப்பு வரை அதைக் கேட்கிறார்கள். புதிதாகப் போய் இறங்கியவருக்கு அதில் நல்லதும் இருக்காது, கெட்டதும் இருக்காது. அந்த வெற்றிடம்தான் வீட்டுக்காரரை யோசிக்க வைக்கிறது.

இதற்கு இங்கேயே செய்துகொள்ளக்கூடிய ஒரு காரியம் உண்டு. கிளம்புமுன், இதுவரை இருந்த வீட்டின் உரிமையாளரிடம், "வாடகை பாக்கி எதுவும் இல்லை" என்று ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்திட்ட ஒரு கடிதம் வாங்கிவிடுங்கள். அங்கே முந்தைய வீட்டுக்காரரிடம் அப்படிச் சான்று வாங்கி வைப்பது வழக்கம். நம் ஊர்க் கடிதத்துக்குச் சட்ட மதிப்பு இல்லாமல் போகலாம். ஆனாலும் இந்த ஜோடிக்கு நடைமுறை தெரிந்திருக்கிறது என்று காட்டும். வேலை தரும் நிறுவனத்திடமிருந்தும் ஒரு கடிதம். இருவரும் யார், என்ன வேலை, புகைப்பழக்கம் உண்டா, செல்லப் பிராணி உண்டா என்று ஜெர்மன் மொழியில் அரைப்பக்கம். பெண் பார்க்க வருகிறவர்களிடம் ஜாதகமும் போட்டோவும் எடுத்து நீட்டுகிற மாதிரி, இந்தக் கட்டு எப்போதும் கையில் தயாராக இருக்க வேண்டும். நாளைக்கு அனுப்புகிறேன் என்றால் அந்த வீடு இன்னொருவருக்குப் போய்விடும்.

'வெஜிடேரியன் ஒன்லி' போர்டு பார்த்துப் பழகிய நமக்குச் சொல்ல வேண்டிய இன்னொன்று: பெயரைப் பார்த்ததுமே பதில் போடாத வீட்டுக்காரர்கள் அங்கேயும் உண்டு. 2006-ல் வந்த சமநடத்தைச் சட்டம் அதைத் தடுக்கிறது. தடுத்தும் நடக்கிறது. பதில் வராத விண்ணப்பங்களை எல்லாம் தன் குறையாக எண்ணிப் பிள்ளைகள் சோர்ந்துவிடக் கூடாது.

விளம்பரத்தில் இரண்டு வாடகை போட்டிருப்பார்கள், 'குளிர்' வாடகை, 'சூடான' வாடகை. முதலாவது வெறும் இடத்துக்கு. இரண்டாவதில் பெரும்பாலும் வெப்பமூட்டலும் தண்ணீரும் குப்பையும் சேரும். மின்சாரமும் இணையமும் அநேகமாகத் தனி. போதாததற்கு வானொலி, தொலைக்காட்சிக் கட்டணம் என்று வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ; டிவியே இல்லை என்றாலும் கட்ட வேண்டும். சேர்த்து வாங்கிய செலவுப் பணத்துக்கு வருஷத்துக்கொரு முறை கணக்குப் பார்த்து, மிச்சம் இருந்தால் திருப்புவார்கள், குறைந்தால் கேட்பார்கள்.

'இரண்டு அறை வீடு' என்றால் நம் கணக்கில் இரண்டு படுக்கையறை. அங்கே கூடத்தையும் சேர்த்துத்தான் இரண்டு. அதாவது நம்முடைய ஒன் பி.எச்.கே. அந்த வீட்டின் சமையலறைக்குள் நுழைந்தால் நான்கு சுவரும் தண்ணீர்க் குழாயின் முனையும் மட்டும் இருக்கலாம். அடுப்பு இல்லை, தொட்டி இல்லை, அலமாரி இல்லை, சில வீடுகளில் பல்பு கூட இல்லை. முன்பு குடியிருந்தவர் சமையலறையையே கழற்றிக்கொண்டு போயிருப்பார். அல்லது விலை பேசி உங்களிடம் விட்டுவிட்டுப் போவார். பால் காய்ச்சிக் குடிபோக நல்ல நாள் குறித்துக் கொடுக்கும் பெரியவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். கூடவே, சாம்பிராணி போடச் சொல்லாதீர்கள். வீடுகளில் புகை உணர்கருவி அங்கே எல்லா மாநிலங்களிலும் கட்டாயம். முதல் நாளே அக்கம்பக்கத்தார் ஓடிவருவார்கள்.

முன்பணத்தில் நிம்மதி உண்டு. குளிர் வாடகையைப் போல மூன்று மடங்குக்கு மேல் கேட்கக் கூடாது என்பது சட்டம். அதையும் மூன்று மாதத் தவணையாகக் கட்டலாம். வீட்டுக்காரர் அதைத் தன் பணத்தோடு கலக்காமல் தனியாக வங்கியில் போட்டு வைக்க வேண்டும். சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கொடுத்தவர்கள் பெருமூச்சு விடலாம். 2015 ஜூன் முதல், தரகரை யார் அமர்த்தினாரோ அவரே தரகுப் பணம் தர வேண்டும். வீட்டுக்காரர் அமர்த்திய தரகருக்கு நீங்கள் தர வேண்டியதில்லை.

பணம் போவது இன்னொரு வழியில். மலிவான வாடகை, அழகான படங்கள், "நான் இப்போது வெளிநாட்டில் இருக்கிறேன், முன்பணம் அனுப்பினால் சாவியைத் தபாலில் அனுப்புகிறேன்" என்றொரு மின்னஞ்சல். இதே கதையைத்தான் மோசடிக்காரர்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். ஊரிலிருந்தே வீட்டை முடித்துவிட்டுப் போக நினைப்பவர்கள்தான் இதில் மாட்டுகிறார்கள். வீட்டை நேரில் பார்த்து ஒப்பந்தம் கையில் வரும்வரை ஒரு யூரோவும் அனுப்ப வேண்டாம்.

கணவர் முன்னே போய் வீடு பிடித்து வைப்பதும், மனைவி பின்னால் போய் இறங்குவதும் நம்மிடம் வழக்கமாகிவிட்டது. எனக்கு இதில் உடன்பாடில்லை. அவர் காலையில் அலுவலகம் போய்விடுவார். வேலை தேடிக்கொண்டோ, மொழி படித்துக்கொண்டோ, நவம்பர் மாதத்து நாலரை மணி இருட்டில் அந்த நான்கு சுவருக்குள் இருக்கப் போவது அவள். பக்கத்தில் டிராம் நிற்குமா, மொழி வகுப்புக்கு எவ்வளவு தூரம், சமையலறைக்கு ஜன்னல் உண்டா என்று அவளும் பார்த்துச் சொல்ல வேண்டாமா? முதல் சில மாதங்களுக்கு, எல்லாச் சாமானும் உள்ள தற்காலிக வீட்டை எடுங்கள். விலை அதிகம்தான், கொடுக்கலாம். ஆனால் அந்த முகவரியில் பதிவு செய்ய முடியுமா என்று முதலிலேயே கேளுங்கள். குடிபோன இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிய வேண்டும், அதற்கு வீடு தந்தவரின் கையெழுத்திட்ட படிவம் வேண்டும். வரி எண் அந்தப் பதிவுக்குப் பிறகுதான் வரும்.

பிறகு இருவருமாகச் சுற்றிப் பாருங்கள். நகர மையத்தையே பிடித்துக்கொண்டு நிற்க வேண்டாம். 2023 மே மாதம் 49 யூரோவில் தொடங்கி 2025-ல் 58 யூரோவாக இருந்த மாதாந்தரப் பயணச்சீட்டில் நாடு முழுக்க உள்ளூர் ரயிலிலும் பேருந்திலும் போகலாம். ஒப்பந்தத்தில் இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். வாடகைக்கு இருவரும் பொறுப்பு. காலி செய்வதென்றாலும் இருவரும் கையெழுத்திட்ட காகிதத்தில் மூன்று மாதம் முன்பே சொல்ல வேண்டும். கணவன் கையெழுத்து மட்டும் இருக்கும் வீட்டில் மனைவிக்கு உரிமைகள் குறைவு. இருவரையும் கையெழுத்திட நம் வீட்டுப் பெரியவர்கள் வற்புறுத்தியாவது வைக்க வேண்டும்.

கதவு எண் இல்லாத அடுக்குமாடிகள் அங்கே ஏராளம். தபால்காரர் பெட்டியில் உள்ள பெயரைப் பார்த்துத்தான் போடுவார். நம் பிள்ளைகள் பாஸ்போர்ட்டில் ஆளுக்கொரு அப்பா பெயர் இருக்கும். அழைப்பு மணியிலும் தபால் பெட்டியிலும் இரண்டையும் ஒட்டாவிட்டால் வங்கி அட்டையும் வரி எண்ணும் வந்த வழியே திரும்பிவிடும்.

சாவி வாங்கும் நாளில் சுவரில் இருக்கும் கீறல், மீட்டர் எண் எல்லாவற்றையும் எழுதிப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை அங்கே அமைதி நாள், மிக்ஸி போடாதீர்கள். தகராறு வந்தால் ஊருக்கு ஊர் குடியிருப்போர் சங்கம் இருக்கிறது. ஆண்டுச் சந்தா கட்டினால் சட்ட ஆலோசனை கிடைக்கும்.

அங்கே ஏற்கெனவே குடியிருக்கும் நம் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். காலி செய்யும்போது, அடுத்து யாராவது இருந்தால் சொல்லுங்கள் என்று பல வீட்டுக்காரர்கள் கேட்பார்கள். விளம்பரத்துக்கே வராமல் கைமாறும் வீடுகள் நிறைய. அப்படி உங்களிடம் கேட்டால், புதிதாக வந்திறங்கிய ஒரு ஜோடியின் பெயரைச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்