ஷரீயத்தும் சீர்திருத்தமும்

ஷரீயத்தில் எவரும் கை வைக்கலாகாது என்பது நெடுநாளைய வாதம். சரித்திரம் அதற்கு இடந்தரவில்லை. திருக்குர்ஆன் வேறு, அதனின்று அறிஞர் வகுத்த சட்டங்கள் வேறு. முன்னது மாறாதது என்பது முஸ்லிம்களின் நம்பிக்கை. பின்னதிலோ மத்ஹபுக்கு மத்ஹபு பேதமுண்டு.

காணாமற்போன கணவனுக்காக மனைவி ஏறக்குறைய ஆயுள் முழுவதும் காத்திருக்க வேண்டுமென்றது பழைய ஹனபி முறை. நான்கு ஆண்டு போதுமென்றது மாலிகி முறை. விடுதலைக்கு வேறு வழியின்றிப் பஞ்சாப் பெண்கள் சிலர் மதத்தையே துறந்தனர். அது கண்டு மனம் பதைத்த மௌலானா அஷ்ரப் அலி தானவி, மாலிகி முறையைக் கைக்கொள்ளலாமென 1930களில் தீர்ப்பளித்தார். 1939-ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக ரத்துச் சட்டமும் அந்நான்கு ஆண்டையே ஏற்றது. திருத்தத்திற்கு வாயில் திறந்தவர் மதவிரோதியல்லர், பேராலிமே!

அருப்புக்கோட்டை, திருச்சுழிச் சீமை வானம் பார்த்த பூமி. மழை பொய்த்தால் ஆடவர் பிழைப்புத் தேடி வெளியூர் செல்லும் நாடு. சென்றவன் திரும்பாவிடில், அவன் மனைவிக்கு அச்சட்டம் ஏட்டுச் சுரைக்காயாகலாமா? ஜமாத்துகள் அவள் வழக்கை அவள் வாயாலேயே கேட்க வேண்டும். கேளாமையினாலன்றோ, புதுக்கோட்டையில் தாவூத் ஷெரீபா கானம் அம்மையார் பெண்களுக்கெனத் தனி ஜமாத்து காண நேர்ந்தது? அன்று உலமாக்கள் காட்டிய துணிவை இன்று ஊர் ஜமாத்துகளும் காட்டுக.