ஓடை வேறு, சாக்கடை வேறு



நம் ஊர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வாரமாக ஒரே பாராட்டு மழை. ஓடையில் ஜேசிபி இறக்கிக் கல்லையெல்லாம் அள்ளிவிட்டு, கரைக்கும் தரைக்கும் சிமெண்ட் போடப் போகிறார்களாம். "தண்ணி சீரா ஓடும், நல்லதுதானே சார்?" என்று கேட்கிறீர்கள். நல்லதில்லை. காரணத்தைச் சொல்கிறேன், அப்புறம் என்னைத் திட்டுங்கள்.

தண்ணீர் கல்லில் மோதிப் புரளும்போது காற்று அதில் நன்றாகக் கலக்கிறது. அந்தக் கல்லுக்கு அடியில் ஓர் ஊரே குடியிருக்கிறது. ஒரு வகைப் புழு மணலையும் இலைத் துணுக்கையும் ஒட்டிக் கூடு கட்டிக்கொள்ளும். இன்னொன்று கல்லிடுக்கில் வலை பின்னி, ஓட்டம் கொண்டுவரும் இரையைப் பிடிக்கும். ஓட்டம் நின்றால் அதற்குப் பட்டினிதான். வெள்ளம் வரும்போது இவை ஒளிந்து பிழைப்பதும் அந்த இடுக்குகளில்தான். வழவழப்பான சிமெண்ட் தரையில் எங்கே ஒளியும்?

"பூச்சிதானே, போனால் போகட்டும்" என்கிறார் ஒரு தம்பி. அயிரைக்கு இரை எது? வாலில் நூல் கட்டி விளையாடினீர்களே, அந்தத் தட்டானின் குஞ்சு தண்ணீரில்தான் வளர்கிறது, கொசுப்புழுவைத் தின்கிறது. கோடையில் சிமெண்ட் பள்ளத்தில் தேங்கும் தண்ணீரில் கொசு மட்டும் மிஞ்சும். அப்போது புகை மருந்துக்கு மனு எழுதுவீர்கள்.

இது கிழவன் புலம்பல் இல்லை. அமெரிக்காவில் கொலராடோ ஆற்றின் கிளென் கேன்யன் அணையில், மின்சாரத் தேவைக்கேற்பத் தண்ணீரைக் கூட்டியும் குறைத்தும் விட்டார்கள். நீர்மட்டத்தை ஒட்டிக் கல்லில் பூச்சிகள் இட்ட முட்டைகள், தண்ணீர் இறங்கியதும் காய்ந்து செத்தன. 2018-இல் மே முதல் ஆகஸ்ட் வரை, சனி ஞாயிறுகளில் மட்டும் தண்ணீரைக் குறைவாக, ஒரே சீராக விட்டுப் பார்த்தார்கள். வார நாட்களில் மட்டம் உயர்வதால், அந்த இரண்டு நாளில் இட்ட முட்டைகள் நனைந்தே இருக்கும். பூச்சிக்காக அத்தனை பெரிய அணையே வாரம் இரண்டு நாள் இறங்கி வந்தது. நமக்கு நாலு கல்லை விட்டுவைக்க மனமில்லை!

வெள்ள பயம் நியாயமானது. அதற்குக் குப்பையை அள்ளுங்கள், ஆக்கிரமிப்பை எடுங்கள், சீமைக்கருவேலத்தை வெட்டுங்கள். தரையையும் கல்லையும் தொடாதீர்கள்.

அடுத்த கிராம சபையில் இதைத் தீர்மானமாக வைக்கப் போகிறேன். லைக் போட்டால் போதாது. வந்து கை தூக்குங்கள்.