ரீல் விடாதீங்க!

டொராண்டோவிலிருந்து வந்த மச்சினர் பையன் ஐஸ் மீன்பிடி ரீலைக் காட்டினான். "இன்லைன் ரீல், மாமா! சக்கரமே சுத்தி விடும், நரம்பு முறுக்காது. சிம்கோ ஏரி உறைஞ்சதும் ஓட்டை போட்டு நேரா கீழே இறக்குவோம்!"

பேஷ்! ஆனால் அம்பத்தூர் ஏரிக்கரையில் ஐஸ் என்றால் குச்சி ஐஸ்தான். இங்கே தூர வீசணுமே! அதற்கு ஸ்பின்னிங் ரீல். சக்கரம் நிற்கும், நரம்பு மட்டும் உருவிக்கொண்டு ஓடும். பாசிக்குள் பதுங்கும் விராலை இழுக்க பெய்ட்காஸ்டர். வீசும்போது கட்டைவிரல் அசந்தால் நரம்பு குருவிக்கூடுதான். கரையோர ஜிலேபிக்கோ மூங்கில் கழியும் மண்புழுவும் போதும், ரீலே வேண்டாம்.

ஆகவே வாசகர்களே, ஆயிரங்களை எண்ணி வைக்குமுன் தண்ணீரைப் பாருங்கள், மீனைப் பாருங்கள். கடைக்காரர் விடும் ரீலைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்!