வைப்புத்தொகைக்கு அப்பால்: குடிநோயும் சேரிக் குழந்தைகளின் மனநல உரிமையும்

2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. இறந்தவர்களில் பலர் தலித்துகள், அன்றாடக் கூலிகள். பெண்களும் அவர்களுள் அடக்கம். தாயையும் தந்தையையும் ஒருசேர இழந்த குழந்தைகளும் அங்கே உண்டு. இறந்தோர் குடும்பங்களுக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீட்டை அரசு அறிவித்தது. பெற்றோர் இருவரையும் இழந்த குழந்தைகளுக்கு 5 லட்சம் ரூபாய் வைப்புத்தொகையும், 18 வயது வரை மாதம் 5,000 ரூபாயும், ஒருவரை இழந்த குழந்தைகளுக்கு 3 லட்சம் ரூபாய் வைப்புத்தொகையும் சட்டப்பேரவையில் அறிவிக்கப்பட்டன. படிப்பு, விடுதிச் செலவுகளையும் அரசு ஏற்றது.

இவை அனைத்தும் தேவையானவையே; எதையும் நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் இந்த அறிவிப்புகளின் நிழலில் ஒரு கேள்வி மறைந்துபோனது. தந்தை இன்னும் உயிரோடிருந்து, அன்றாடம் அரசின் கடையிலேயே வாங்கிக் குடித்து, வீட்டையே அச்சத்தின் கூடாரமாக்கியிருக்கும் நிலையில், அந்த வீட்டுக் குழந்தைக்கு அரசு என்ன வைத்திருக்கிறது?

ஒரே இரவில் இறந்தால் மட்டுமே

கள்ளச்சாராயச் சாவு செய்தியாகிறது. ஈரல் கெட்டு, வேலை இழந்து, பத்தாண்டுகளில் மெல்ல நிகழும் சாவு செய்தியாவதில்லை. முன்னதற்கு விசாரணை ஆணையம் உண்டு. நீதிமன்ற ஆணைப்படி மத்தியப் புலனாய்வு விசாரணையும் உண்டு. பின்னதற்குக் கணக்குகூட இல்லை. இரண்டு வீடுகளிலும் குழந்தை இழப்பது ஒன்றையே. கூட்டமாகச் செத்தால்தான் அரசின் கண்ணுக்குச் சேரி தெரிகிறது என்பதே இதன் பொருள்.

2024 ஜூன் இறுதியில், அதே கூட்டத்தொடரில், பேரவை இரண்டு சட்ட முன்வடிவுகளை நிறைவேற்றியது. ஒன்று, மதுவிலக்குச் சட்டத் திருத்தம். கள்ளச்சாராயத்தால் உயிரிழப்பு நேர்ந்தால் ஆயுள் தண்டனையும் 10 லட்சம் ரூபாய்க்குக் குறையாத தண்டமும் விதிக்க அது வழிசெய்தது. மற்றொன்று, ஆதிதிராவிடர், பழங்குடியினர் வளர்ச்சிச் செயல்திட்டச் சட்டம். அம்மக்களுக்கான நிதி அவர்களுக்கே செலவிடப்பட வேண்டும் என்பதற்குச் சட்ட வலு கொடுக்க வந்தது அது. முதலாவது பரவலாகப் பேசப்பட்டது. இரண்டாவது பேசப்படவே இல்லை. குடிநோய்க்குத் தண்டனையின் பக்கம் நின்று மட்டுமே விடை தேடுகிறோம். பராமரிப்பின் பக்கம் நின்று தேட நிதியும் சட்டமும் ஏற்கெனவே உள்ளன என்பதே இக்கட்டுரையின் வாதம்.

பரவையிலிருந்து பார்த்தால்

மதுரையை ஒட்டி, திண்டுக்கல் சாலையில் உள்ளது பரவைப் பேரூராட்சி. ஒருபுறம் வைகை, மறுபுறம் பெரிய காய்கறிச் சந்தை. விடியுமுன்னே தொடங்கும் சுமைப்பணி, கட்டட வேலை, தூய்மைப் பணி என உடலை உருக்கும் உழைப்பில் வாழும் குடும்பங்களுக்குப் பஞ்சமில்லாத நகர விளிம்பு. இங்குள்ள ஒரு தாயை எண்ணிப் பார்ப்போம். கணவருக்குக் கை நடுங்குகிறது. குடிக்காமல் காலையில் எழ முடியவில்லை. மூத்த மகள் தம்பிக்குத் தாயாகிவிட்டாள். இளையவன் வகுப்பில் பேசுவதை நிறுத்திவிட்டான். இந்தத் தாய் எங்கே போவார்?

மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. ஒரு பேருந்துப் பயணம்தான். ஆனால் ஏழைக்குத் தொலைவு கிலோமீட்டரில் அளக்கப்படுவதில்லை. இழக்கும் கூலியில் அளக்கப்படுகிறது. ஒருமுறை போனால் ஒரு நாள் கூலி போகும். குடிநோய் ஒருமுறை போய்த் தீர்வதும் அன்று. மாதக்கணக்கில் தொடர்ந்து வர வேண்டும். அங்கும் நோயாளி என்று பெயர் எழுதப்படுபவர் கணவர் மட்டுமே. மனைவி துணைக்கு வந்தவர். குழந்தையோ அந்தச் சீட்டில் எங்குமே இல்லை.

இந்த மருத்துவமனையைத் தாண்டினால் இருப்பது மாவட்ட மனநலத் திட்டம். 1982-இல் தொடங்கிய தேசிய மனநலத் திட்டத்தின் கீழ் 1996 முதல் நாட்டில் படிப்படியாக விரிந்தது. மனநல மருத்துவர், உளவியலாளர், சமூகப் பணியாளர், செவிலியர் அடங்கிய ஒரு குழு மாவட்டத்துக்கு ஒன்று என்பது அதன் கட்டமைப்பு. 2011 கணக்கெடுப்பின்படி மதுரை மாவட்டத்தின் மக்கள்தொகை 30 லட்சத்துக்கும் மேல். இந்த அளவுக்கு ஒரு குழு எவ்வளவு உழைத்தாலும் சேரியின் வாசல்வரை வந்து சேர்வது அரிது.

தேசிய அளவில் இதன் விளைவு என்ன என்பதற்குக் கணக்கு உண்டு. தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் நிம்ஹான்ஸ் நடத்திய 2015-16 தேசிய மனநல ஆய்வு, குடிநோய் உள்ளோரில் சுமார் 86 விழுக்காட்டினர் சிகிச்சை பெறவில்லை என்றது. மது அடிமைத்தனம் கொண்ட 38 பேரில் ஒருவரே ஏதேனும் சிகிச்சை பெற்றதாக எய்ம்ஸ் தயாரித்த 2019 அறிக்கை கூறியது. குழந்தைகளைப் பற்றி அந்த அறிக்கை சொன்னதைத் தனியே கவனிக்க வேண்டும். பசை, தின்னர் போன்ற முகரும் போதைப்பொருள்களின் பயன்பாடு மட்டும் பெரியவர்களைவிடச் சிறார்களிடம் அதிகம்: பெரியவர்களிடம் 0.58 விழுக்காடு, சிறார்களிடம் 1.17 விழுக்காடு. கடையில் மிக மலிவாகக் கிடைப்பது எதுவோ, அதுவே குழந்தையின் கைக்கு வருகிறது.

சட்டம் நம் பக்கம் உள்ளது

2018 மே 29 முதல் நடைமுறையில் உள்ள மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017-ஐ நம் இயக்கங்கள் போதுமான அளவு கையில் எடுக்கவில்லை. மது, போதைப்பொருள் பயன்பாட்டோடு தொடர்புடைய மனநிலைகளும் மனநோய் என்னும் வரையறைக்குள் வரும் என்கிறது அச்சட்டம். அதன் 18-ஆம் பிரிவு, அரசு நடத்தும் அல்லது அரசு நிதியுதவி பெறும் மனநலப் பராமரிப்பைப் பெறுவதை ஒவ்வொருவரின் உரிமையாக்குகிறது. வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளோருக்கு அது இலவசம். குழந்தைகளுக்கான மனநலச் சேவையும், வீட்டையும் சமூகத்தையும் அடிப்படையாகக் கொண்ட மறுவாழ்வும் அதில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்டுள்ளன. இச்சேவைக்காக எவரும், குழந்தைகள் உட்பட, நெடுந்தொலைவு பயணிக்கும் நிலை கூடாது என்றும் அது கூறுகிறது. சாதியின் பெயரால் பாகுபாடு கூடாது என்பதும் அதே பிரிவில் உள்ளது.

இந்தக் கடைசிச் சொற்கள் வெறும் சம்பிரதாயம் அல்ல. ‘உங்கள் ஆட்கள் குடிப்பது வழக்கம்தானே’ என்று ஆலோசகர் ஒருவர் சொல்லிவிட்டால், அந்தக் குடும்பம் மறுமுறை அந்தப் படியேறாது. அவமானமும் சிகிச்சை மறுப்பின் ஒரு வடிவமே.

பழியை யார் சுமப்பது

தலித்துகளின் குடி பற்றிப் பொதுச் சமூகம் பேசும்போது அது ஒழுக்கக்கேடாகிறது. மற்றவர் குடிக்கும்போது அது பொழுதுபோக்காகிறது. மலக்குழியிலும் குப்பைக் கிடங்கிலும் இறங்குவோர், நாற்றத்தையும் அருவருப்பையும் மறக்கக் குடிக்கத் தொடங்குவது உலகறிந்த செய்தி. அந்த வேலையைச் சாதியின் பெயரால் அவர்கள்மீது சுமத்திவிட்டு, அதைத் தாங்கக் குடித்ததற்காகவும் அவர்களையே பழிப்பது இரட்டைக் கொடுமை. இன்னொரு பக்கம், 2003 முதல் சில்லறை மது விற்பனை முழுவதும் டாஸ்மாக் வசம். 2024-25-இல் அதன்மூலம் அரசுக்குக் கிடைத்த வருவாய் 48,000 கோடி ரூபாயைத் தாண்டியது.

குடிமறுப்பு நமக்குப் புதிதன்று. பௌத்தத்தின் ஐந்து ஒழுக்கங்களில் ஒன்றாக அதை அயோத்திதாசர் வலியுறுத்தினார். 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் அம்பேத்கர் ஏற்கச் செய்த 22 உறுதிமொழிகளில் மது அருந்தாமையும் ஒன்று. 2024 அக்டோபர் 2 அன்று உளுந்தூர்பேட்டையில் விடுதலைச் சிறுத்தைகள் கட்சி நடத்திய மது ஒழிப்பு மகளிர் மாநாடு இந்த மரபின் தொடர்ச்சி. இதை நாம் பெருமையோடு ஏற்கிறோம். ஆனால் உறுதிமொழி தன்மானத்தை மீட்கும். நரம்புத் தளர்ச்சியைத் தீர்க்காது. நெடுங்காலம் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால், இரண்டு மூன்று நாட்களில் வலிப்பும் மனக்குழப்பமும் ஏற்பட்டு உயிருக்கே ஆபத்து நேரலாம். ஆகவே கடைகளை மூடக் கோருபவர்கள், மூடும் நாளுக்கு முன்பே சிகிச்சையையும் கோர வேண்டும். சிகிச்சையில்லாத மதுவிலக்கு, குடிநோயாளியை மீண்டும் கள்ளச்சாராயத்தின் வாசலில்தான் கொண்டுபோய் நிறுத்தும்.

செய்ய முடிவது என்ன

பெரிய மருத்துவமனைகள் கட்டினால்தான் ஆகும் என்பதில்லை. கோவாவில் பத்து ஆரம்பச் சுகாதார நிலையங்களில் தீங்கான அளவில் குடித்த 377 ஆண்களிடம் சங்காத் அமைப்பு ஓர் ஆய்வு நடத்தியது. மருத்துவப் பட்டம் இல்லாத, பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள் சில அமர்வுகளில் அவர்களோடு பேசினர். மூன்று மாதங்களில் ஆலோசனை பெற்றோரில் 36 விழுக்காட்டினர் தீங்கான குடியிலிருந்து விடுபட்டனர். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றோரில் அது 26 விழுக்காடு. வேறுபாடு அதிசயமன்று, ஆனால் எளியோர் கைக்கு எட்டுவது.

தமிழ்நாட்டில் இதற்கான தளம் ஏற்கெனவே உண்டு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், சர்க்கரை நோய்க்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரையை வீட்டுக்கே கொண்டு சேர்க்கிறது. அதே கால்கள் குடிநோயாளியின் வீட்டுக்கும் நடக்கலாம். சேரியிலேயே பிறந்து வளர்ந்த இளைஞரும் பெண்களும் முறையான ஊதியத்தோடு ஆலோசகர்களாகப் பயிற்சி பெறலாம். கூலிக்குப் போவோர் வரத்தக்க மாலை வேளையில் ஆரம்பச் சுகாதார நிலையம் திறந்திருக்கலாம்.

குழந்தைகளுக்கு வழி பள்ளியின் ஊடாகத்தான் வரும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் தலித் மாணவர் வீடு புகுந்து வெட்டப்பட்ட பின் அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு குழு, 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. பள்ளிகளில் நல அலுவலர்களையும் பயிற்சி பெற்ற ஆலோசகர்களையும் அமர்த்தப் பரிந்துரைத்தது. அதைச் சாதி மோதலுக்கான மருந்தாக மட்டும் படிக்க வேண்டியதில்லை. இரவு முழுக்க வீட்டில் சண்டை கேட்டு விழித்திருந்து, காலையில் வகுப்பில் தூங்கும் குழந்தையை அடிக்காமல் விசாரிக்க ஒருவர் வேண்டும் என்பதும் அதன் உட்பொருளே.

இந்தக் கோரிக்கைகளோடு கல்லூரி மாணவர்களும் களச் செயற்பாட்டாளர்களும் தத்தம் ஊரில் நாளையே தொடங்கலாம். மாவட்ட மனநலக் குழு நம் சுகாதார நிலையத்துக்கு எந்த நாளில் வருகிறது, கடந்த ஆண்டில் எத்தனை குழந்தைகளைப் பார்த்தது, குடிநோய்க்கான மருந்து இருப்பில் உள்ளதா, வளர்ச்சிச் செயல்திட்ட நிதியில் இதற்கு எவ்வளவு ஒதுக்கப்பட்டது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம். இடைக்காலத்தில், மனநல ஆலோசனைக்கு 14416 என்ற எண்ணையும் குழந்தைகளுக்கு ஆபத்து என்றால் 1098 என்ற எண்ணையும் நம் தெருச் சுவர்களில் எழுதி வைக்கலாம்.

கருணாபுரத்துக் குழந்தையின் வைப்புத்தொகை அது வளர்ந்த பிறகு முதிரும். பரவையில் இன்றிரவு கதவோரம் விழித்திருக்கும் குழந்தைக்கு அவ்வளவு காலம் காத்திருக்க முடியாது. அதன் தந்தை சாகும்வரை அது நம் கணக்கில் வராது என்னும் நிலையைத்தான் நாம் முதலில் மாற்ற வேண்டும்.