சேரலாதன் அண்ணாவுக்கு ஒரு சீசன் போதுமா?

கபடி பார்க்கிறவர்களுக்கு தர்மராஜ் சேரலாதன் என்றாலே 'அண்ணா'தான். தஞ்சாவூர் மாவட்டம் திருச்சனம்பூண்டிக்காரர். 2016இல், 41 வயதில், பாட்னா பைரேட்ஸ் கேப்டனாக புரோ கபடி கோப்பை. அதே வருஷம் இந்திய அணியோடு உலகக் கோப்பை. நம்மூரில் அந்த வயசுக்கு மூட்டுக்குத் தைலம் தேய்க்க ஆரம்பித்துவிடுவார்கள்!

ஆடும்போதே அவர் பாதி கோச்தான். தடுக்கிறவர்கள் கைகோர்த்து நிற்கிற ஆட்டம் இது; பக்கத்துப் பையன் அவசரப்பட்டால் கையை இழுத்தே நிறுத்திவிடலாம். கோட்டுக்கு வெளியே உட்கார்ந்துவிட்டால் அந்தக் கை கிடையாது. கத்தத்தான் முடியும்.

2024 சீசனுக்கு தமிழ் தலைவாஸ் அவரை வியூகப் பயிற்சியாளர் ஆக்கியது. தலைமைப் பயிற்சியாளர் உதயகுமார். கிடைத்தது 12 அணிகளில் 9வது இடம். 2025இல் தலைமைப் பொறுப்பு சஞ்சீவ் பாலியானுக்குப் போனது. அவரும் சரக்குள்ளவர்தான், 2022இல் ஜெய்ப்பூருக்குக் கோப்பை வாங்கித் தந்தவர்.

ஆனால் அந்த ஒரு சீசனை வைத்து சேரலாதனுக்குக் கோச்சிங் வராது என்பது அநியாயம். திருப்பூரில் ஓவர்லாக்கில் கை பறக்கிற டெய்லரை சூப்பர்வைசர் ஆக்கினால் முதல் மாசமே பீஸ் கணக்கு ஏறிவிடுமா என்ன? அதுவும் இவருக்குக் கிடைத்தது பாதிப் பொறுப்பு. ஒரு அணியை முழுசாகக் கையில் கொடுத்து, இரண்டு சீசனாவது விட்டுப் பார்க்கட்டும்.